50 ஸ்லைடு, 25 நிமிடம், மீதி நேரம் நடுக்கம்

கேள்வி: எனக்கு 26 வயது. எம்.இ. முடித்துவிட்டு சென்னைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்று மாதமாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இரண்டாம் ஆண்டுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (கணினியில் தகவல்களை அடுக்கி வைக்கும் முறைகள்) எடுக்கிறேன். வகுப்பில் 60 பேர். முதல் நாள் இரவே தூக்கம் போய்விடுகிறது. காலையில் காலேஜ் பஸ் தாம்பரத்தைத் தாண்டும்போதே வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும். போர்டில் எழுதினால் கை நடுங்குகிறது. 50 ஸ்லைடு தயார் செய்துகொண்டு போனால் 25 நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் திருதிருவென்று விழிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்தவள். இங்கிலீஷில் தடுமாறினால் கடைசி பெஞ்சில் சிரிப்புச் சத்தம். போன வாரம் ஒரு பையன் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் தெரியவில்லை. வேலையை விட்டுவிடலாமா?
– வாசகி, பெருங்களத்தூர்

பதில்: வேலையை விடுவதைப் பற்றி இந்த செமஸ்டர் முடிந்த பிறகு யோசிக்கலாம். அதற்கு முன் உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 60 பேர் இருக்கிற வகுப்பில் ஒருவன் சந்தேகம் கேட்டான், சிலர் சிரித்தார்கள். மற்றவர்கள் எதுவுமே செய்யவில்லை. பேசுவது, எழுதுவது, ஸ்லைடு தள்ளுவது என்று எல்லா வேலையும் உங்கள் தலையில். வேலையில்லாத 60 பேர் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கை நடுங்காது?

பள்ளி ஆசிரியர் ஆக பி.எட். படிக்கிறவர்கள் வேலைக்குப் போகும் முன்பே நிஜ வகுப்பில் நின்று பாடம் எடுத்துப் பழகுகிறார்கள். காலேஜில் பாடம் எடுக்கிற நமக்கு எம்.இ. சான்றிதழைப் பார்த்து டைம்டேபிளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று நினைக்காதீர்கள். என் முதல் வாரத்தில் நான் பாதி ஹவரை மாணவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டோடு பேசியே ஓட்டியிருக்கிறேன். சாக்பீஸ் தூளில் சேலை வெள்ளையானதுதான் மிச்சம்.

சரி, நாளைக்கு என்ன செய்வது? ஸ்லைடை 12ஆகக் குறைத்துவிடுங்கள். தயாரிப்பில் மிச்சமாகும் நேரத்தை வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்துக்குத் தயாராவதில் செலவழியுங்கள். பயம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான்; பேச்சு ஓட ஆரம்பித்ததும் தானே இறங்கும். அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லப்போவதை மட்டும் மொட்டை மாடியில் நின்று வாய்விட்டு நான்கு முறை சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது.

தொடக்கம் ஒரு கேள்வியாக இருக்கட்டும். ஸ்டாக் (தகவலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை) நடத்தப் போகிறீர்கள் என்றால் வரையறையைத் தூக்கி வைத்துவிட்டு இப்படி ஆரம்பியுங்கள்: கல்யாணப் பந்தியில் அடுக்கி வைத்த தட்டு, ரேஷன் கடை வரிசை. ஒன்றில் கடைசியாக வந்தது முதலில் போகும், இன்னொன்றில் முதலில் வந்தவர் முதலில் போவார். மொபைலில் பேக் பட்டனை அழுத்தினால் முந்தைய பக்கம் வருகிறதே, அது இதில் எந்த ரகம்? பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். உடனே 60 ஜோடிக் கண்ணும் உங்களை விட்டுவிட்டு நோட்டுக்குப் போய்விடும். அந்த இரண்டு நிமிடம் உங்கள் மூச்சுக்கும்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி ஏதாவது வேலை கொடுத்தால் 25 நிமிடத்தில் பாடம் தீர்ந்துபோகிற பிரச்சினையே வராது. போர்ஷன் முடியாதே என்று ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கேட்கலாம். ஓடி முடித்த போர்ஷனை மாணவர்கள் பரீட்சைக்கு முதல் நாள் தாங்களாகத்தான் படிக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

கேள்வி கேட்டதும் நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வாயே திறக்காதவர்களும் பேசினார்கள். பதற்றத்தில் மூன்று வினாடி மூன்று நிமிடம் போல இருக்கும். மனதுக்குள் எண்ணுங்கள்.

பதில் தெரியாத கேள்வி வரத்தான் செய்யும். சமாளிக்காதீர்கள். நான் ஒருமுறை தெரிந்த மாதிரி ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அடுத்த வாரம் அந்தப் பையன் லைப்ரரி புத்தகத்தோடு வந்து, "மேடம், இதில் வேற மாதிரி போட்டிருக்கே" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டான். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. கேள்வியைப் போர்டின் ஓரத்தில் அவன் பேரோடு எழுதி, "நாளைக்கு முதல் வேலை இதுதான்" என்று சொல்லுங்கள். மறுநாள் கட்டாயம் அதிலிருந்தே ஆரம்பியுங்கள். அதை விட்டால்தான் மரியாதை போகும்.

இங்கிலீஷ் விஷயம். உங்கள் வகுப்பிலும் தமிழ் மீடியத்திலிருந்து வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் இருப்பார்கள். கருத்தைத் தமிழில் விளக்குங்கள். அப்புறம் பரீட்சையில் எழுத வேண்டிய வாக்கியத்தை இங்கிலீஷில் நிதானமாகச் சொல்லிப் போர்டிலும் எழுதுங்கள். வெளிமாநிலத்துப் பிள்ளைகள் இருந்தால் விளக்கத்தையும் இங்கிலீஷில் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தினம் ஐந்து பேரை மனதில் வைத்துக்கொண்டால் 12 வேலை நாளில் 60 பேரும் வந்துவிடுவார்கள். பேர் தெரிந்த முகம் அவ்வளவாகப் பயமுறுத்தாது. கடைசி பெஞ்சுப் பேர்களிலிருந்து தொடங்குங்கள்.

உடம்புக்கு வருவோம். நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலை. உற்சாகத்திலும் உடம்பு இதையேதான் செய்கிறது. அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அதனால் படபடப்பை அடக்கப் போராட வேண்டாம். வகுப்புக்கு முன் வராந்தாவில் நின்று நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், மூன்று நிமிடம். வெறும் வயிற்றில் இரண்டு ஃபில்டர் காபி குடித்துவிட்டு பஸ் ஏறுகிறவர் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். கை நடுங்க அதுவே போதும்.

இதையெல்லாம் செய்தும் தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் போனாலோ, வகுப்பில்லாத நாளிலும் படபடத்தாலோ டாக்டரைப் பாருங்கள். தைராய்டு கோளாறிலும் இதே படபடப்பும் நடுக்கமும் வரும். சக ஊழியர் தருகிறார் என்று படபடப்பு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள், அந்த வகையில் வரும் ப்ரோப்ரனலால் என்ற மாத்திரை ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து. மனம்விட்டுப் பேச 14416, அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். பாடம் நடத்தும் முறையை ஒழுங்காகக் கற்க வேண்டுமென்றால் தரமணியில் என்.ஐ.டி.டி.டி.ஆர். இருக்கிறது. தொழில்நுட்ப ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதற்கென்றே 1964இல் தொடங்கியது. குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி ஹெச்.ஓ.டி.யிடம் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. உங்கள் துறையில் நன்றாக நடத்துகிற சீனியர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு ஹவர் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். போர்டில் எழுதும் அவர் கை நடுங்குகிறதா என்று அங்கிருந்து தெரிகிறதா, பாருங்கள். பக்கத்துப் பையன்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் டெஸ்க்குக்கு அடியில் மொபைலில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்.