அரசு தவறினால், வாக்களித்த மக்களுக்கும் அதில் பங்கு உண்டா?

“ஓர் அரசு தன் கடமையில் தவறினால், அதைத் தேர்ந்தெடுத்த மக்களும் குற்றவாளிகள்தானே? மக்களின் தகுதிக்கேற்ற அரசுதான் அவர்களுக்கு அமையும் என்கிறார்களே? தோற்ற கட்சிக்கு வாக்களித்தவருக்கும் இதில் பங்கு உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

குற்றம் மக்களுடையது அன்று, ஆனால் பொறுப்பில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு என்பது என் பதில். அந்தப் பங்கில் பெரும்பகுதி வாக்களித்த நாளுக்குப் பின் வரும் ஐந்து ஆண்டுகளில்தான் இருக்கிறது. அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. சேலத்தில் வாழ்பவன், பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் தேர்தல் பணிக்கு மலைமேலும் கீழேயும் சென்றவன் என்ற முறையில், இந்த ஊரில் நடந்ததைக் கொண்டே இதை விளக்குகிறேன்.

முதலில் அந்தச் சொலவடையைப் பற்றி. “ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் தகுதிக்கேற்ற அரசே வாய்க்கிறது” என்று 1811-இல் ஒரு கடிதத்தில் எழுதியவர் ஜோசப் தெ மேஸ்திர். பிரெஞ்சுப் புரட்சியை வெறுத்தவர், மன்னராட்சியை உயிராகப் போற்றியவர். மக்களுக்கு ஆளத் தகுதியில்லை என்று நம்பிய ஒருவரின் வாக்கியத்தை மக்களாட்சியில் வாழும் நாம் ஆராயாமல் எடுத்தாள்வது எனக்கு உவப்பாக இல்லை. சேலம் டவுன் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு எந்தத் தகுதி குறைந்துபோனதால் அவர் வார்டில் சாக்கடை நிரம்பி வழிகிறது என்று கேட்டால், அந்த வாக்கியத்தைச் சொல்பவர்களிடம் பதில் இருக்காது.

குற்றம் வேறு, சுமை வேறு. அரசு வாங்கும் கடனுக்கு வட்டி கட்டுவது அதற்கு வாக்களித்தவர் மட்டும் அல்லர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2 லட்சத்து 63 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கடன் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. ஆளுங்கட்சிக்கு வாக்களித்த குடும்பம், எதிர்க்கட்சிக்கு வாக்களித்த குடும்பம், வாக்குச்சாவடிப் பக்கமே போகாத குடும்பம் என்ற வேறுபாடு அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே தோற்ற கட்சிக்கு வாக்களித்தவருக்கும் சுமையில் பங்கு உண்டு. அதனாலேயே கேள்வி கேட்கும் உரிமையிலும் அவருக்கு முழுப் பங்கு உண்டு.

குற்றம் என்று வரும்போது, “மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்” என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. தமிழகத்தில் சுமார் 44 விழுக்காடு வாக்குகளைப் பெற்று 39 தொகுதிகளில் 37-ஐ வென்றது. கிட்டத்தட்ட 24 விழுக்காடு வாக்குகளைப் பெற்ற தி.மு.க.வுக்கு ஒரு தொகுதியும் கிடைக்கவில்லை. அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர் என்ற நம் முறையில் பாதிக்கும் குறைவானவர்களின் விருப்பம் முழு ஆட்சியாக மாறுகிறது. அதன் பிறகும் கதை முடிவதில்லை. 2016 மே மாதத்தில் சேலம் மாவட்டம் 11 தொகுதிகளில் 10-ஐ அ.தி.மு.க.வுக்குக் கொடுத்தது ஜெயலலிதாவின் தலைமையை முன்வைத்து. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். 2017 பிப்ரவரிக்குள் முதலமைச்சர் நாற்காலியில் இரண்டு பேர் மாறி அமர்ந்துவிட்டார்கள். அவர்களில் இரண்டாமவர் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதில் இங்கே பலருக்கு மகிழ்ச்சி இருந்தது உண்மை. ஆனால் அந்த மாற்றங்களைப் பற்றி எந்த வாக்காளரிடமும் யாரும் கேட்கவில்லை. 2018-இல் அறிவிக்கப்பட்ட சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையும் அப்படித்தான். 2016 பிரசாரத்தில் அப்படி ஒரு பேச்சே இல்லை. நிலத்தில் அளவுக்கல் நடப்பட்ட உழவர் ஒருவரிடம், “நீங்கள் வாக்களித்த அரசுதானே” என்று சொல்வது அறமாகாது.

இனி, பணம் வாங்கும் வாக்காளர். இந்தக் கேள்விக்கு எழுதப்படும் பதில்களில் பாதி அவரைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. சட்டப்படி வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்காடு மலையில் ஒரு வாக்குச்சாவடியில் தலைமை அலுவலராக இருந்தபோது கண்ட ஒரு காட்சி, இந்தக் குற்றச்சாட்டை எளிதாகச் சொல்ல என்னை விடுவதில்லை. முந்தைய நாளே பெட்டிகளோடு ஏறி, பள்ளிக்கூட வகுப்பறையில் படுத்து, விடியற்காலையில் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அதை அழித்து, சீல் வைத்து, ஏழு மணிக்குக் கதவைத் திறந்தோம். காபித் தோட்டத்தில் வேலை செய்யும் வயதான ஓர் அம்மா, விரலில் மை வைத்துக்கொண்டு, பதிவேட்டில் ரேகை வைத்துவிட்டு, இயந்திரத்தின் பக்கம் போகாமல் என் மேசைக்கு வந்து நின்றார்.

“சார், காசு குடுத்தவங்களுக்கு நான் எதுல அமுக்குனேன்னு தெரிஞ்சுபோயிடுங்களா?”

“தெரியாதுங்கம்மா. எனக்கே தெரியாது, யாருக்கும் தெரியாது. தைரியமா போய் உங்க விருப்பப்படி போடுங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ப்புற பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பூத் ஏஜெண்டுகளின் முகங்களைப் பார்த்தார். பிறகுதான் அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். அவர் யாருக்கு வாக்களித்தார் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் அவர் கையில் இருந்த பணம் வெறும் விலையாக வந்தது அன்று, ஒரு மிரட்டலாகவும் வந்தது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. தன் வாக்கு இரகசியமானது என்ற நம்பிக்கையே இல்லாத ஒருவரின் தலையில், ஓர் ஆட்சியின் தோல்வியில் எத்தனை பங்கைச் சுமத்துவது? அந்தப் பணத்தைக் கட்டுக்கட்டாக மலையேற்றியவர், அதைத் திரட்டிக் கொடுத்தவர், கண்டும் காணாமல் விட்டவர் என்று வரிசையாக எல்லாரையும் கேட்டு முடித்த பிறகே அவரிடம் வர வேண்டும்.

“பிடிக்கவில்லை என்றால் நோட்டாவுக்குப் போடலாமே” என்பவர்களுக்கும் ஏற்காட்டிலிருந்தே ஒரு செய்தி உண்டு. முன்பெல்லாம் யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் 49-ஓ விதிப்படி எங்கள் முன்னால் அதைச் சொல்லிப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். இரகசியம் அங்கேயே போய்விடும். 2013 செப்டம்பர் 27-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த ஆண்டு டிசம்பர் 4-இல் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில்தான் தமிழகத்தில் முதன்முறையாக நோட்டா பொத்தான் வைக்கப்பட்டது. பழங்குடியினருக்கான அந்தத் தனித்தொகுதியில் அன்று பதிவான வாக்குகள் 89 விழுக்காட்டை ஒட்டி இருந்தன. பட்டணத்து வாக்குச்சாவடிகள் கனவிலும் காணாத எண்ணிக்கை அது. நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் நோட்டாவை அழுத்தினார்கள். ஆனால் நோட்டா எல்லாரையும்விட அதிக வாக்கு பெற்றாலும், அடுத்து நிற்கும் வேட்பாளரே வென்றவராவார். மறுப்பைப் பதிவு செய்ய வழி திறந்தது. மறுப்புக்கு விளைவு எதுவும் இல்லை. மலைவாழ் மக்கள் தங்கள் கடமையை வேறு எவரையும்விட நிறைவாகச் செய்திருக்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் வாக்காளரின் பங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் 2016 முதல் 2022 வரையிலான சேலத்தைக் காட்டுவேன். தமிழக உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்கவிருந்த தேர்தலுக்கான அறிவிக்கையை, பழங்குடியினர் இடஒதுக்கீட்டு விவகாரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதங்களில் நடத்தியிருக்கலாம். நடக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர்களின் பதவிக்காலம் ஆறு ஆறு மாதங்களாக நீட்டிக்கப்பட்டது. வார்டு மறுவரையறை என்றார்கள், வழக்கு என்றார்கள். ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் இறுதியில் தேர்தல் வந்தது. சேலம் மாநகராட்சிக்கு வந்தது 2022 பிப்ரவரி 19-இல். ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-யு பிரிவு சொல்கிறது. அதற்கு நேர்மாறாக, ஒரு முழுப் பதவிக்காலத்துக்கும் மேலாக 60 வார்டுகளில் ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லாமல் இந்த மாநகரம் ஆளப்பட்டது.

அந்த ஆண்டுகளில் என்னென்ன நடந்தன என்று பாருங்கள். 2016 செப்டம்பரில் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. பழைய பேருந்து நிலையத்தை இடித்து ஈரடுக்காகக் கட்டுவது உட்படப் பெரும் பணிகள் தொடங்கின. எந்தத் தெருவுக்கு எது முதலில் தேவை என்று மன்றத்தில் எழுந்து நின்று கேட்க ஒருவரும் இல்லை. 2018 ஜூலையில் சொத்து வரி, குடியிருப்புகளுக்கு 50 விழுக்காடு வரையிலும் மற்றக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு வரையிலும் உயர்த்தப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்றின் ஒப்புதல் இல்லாமலே. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அதே உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சுக்கே அவ்வளவு வலிமை இருந்தது என்றால், அது வராமல் இருந்த ஆண்டுகளில் நாம் எவ்வளவு இழந்திருப்போம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். உள்ளாட்சி அமைப்புகள் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக் குழு மானியத்திலும் மாநிலத்துக்கு வரவேண்டியது நிறுத்தப்பட்டது.

1866-இல் நகராட்சியானது இந்த ஊர். ராஜாஜி 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். அப்படிப்பட்ட ஊரில் மக்களின் வாக்குரிமை ஐந்தாண்டுக்கும் மேலாக எடுத்து வைக்கப்பட்டிருந்தபோது, அது ஊர்ப் பேச்சாக எழவில்லை. செவ்வாய்ப்பேட்டை வணிகர் சங்கங்கள் ஜி.எஸ்.டி.க்காகக் கூடின, குடியிருப்போர் சங்கங்கள் குடிநீருக்காகக் கூடின. “எங்கள் வார்டுக்குத் தேர்தல் எங்கே?” என்ற பதாகையை நான் அஸ்தம்பட்டியிலும் பார்க்கவில்லை, அம்மாபேட்டையிலும் பார்க்கவில்லை. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்த எந்த வேட்பாளரையும் அந்தக் கேள்வி வழிமறிக்கவில்லை. தேர்தலை நடத்தாதது அரசின் குற்றம், ஐயமே இல்லை. அதை அவ்வளவு எளிதாகச் செய்ய முடிந்ததில்தான் நம் பங்கு இருக்கிறது.

எங்கள் ஊரில் வெள்ளிக் கட்டியைக் கொலுசுப் பட்டறையில் கொடுப்பவர், வேலை முடிந்து வரும்போது எடை போட்டுத்தான் வாங்குவார். எடை குறைந்தால் தவறு பட்டறைக்காரருடையது. ஆனால் ஆண்டுக்கணக்கில் தராசையே எடுக்காதவருக்கும் அந்த இழப்பில் ஒரு பொறுப்பு உண்டு என்று செவ்வாய்ப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தராசு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பங்கின் அளவும். வேட்பாளரின் சொத்து, கடன், குற்ற வழக்கு விவரங்கள் அடங்கிய உறுதிமொழிப் பத்திரம் 2003 முதல் நம் பார்வைக்குக் கிடைக்கிறது, கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாயில் கேள்வி கேட்கலாம். முப்பது நாட்களில் பதில் தர வேண்டும். படித்தவர், ஓய்வூதியம் பெறுபவர், வணிகர், வழக்கறிஞர், ஆசிரியர் ஆகிய நமக்கு இவையெல்லாம் எட்டும் தொலைவில் இருக்கின்றன. மலைமேல் இருக்கும் அந்த அம்மாவுக்கு எட்டுவது கிராம சபை ஒன்றுதான். அங்கும் கூலியை விட்டுவிட்டுப் போய் உட்கார வேண்டும். ஆகவே பணம் வாங்கினார் என்று அவரைச் சாடிவிட்டு, பணம் வாங்காததாலேயே தன் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கும் நகரத்து நடுத்தர வகுப்பின் மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம்.

இந்தப் பங்கை ஆட்சியாளர்கள் எடுத்துக் காட்டித் தப்பிக்க விடவும் கூடாது. “நீங்கள்தானே தேர்ந்தெடுத்தீர்கள்” என்று பதவியில் இருப்பவர் சொன்னால் அது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது. அதே சொற்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டால் அது வேறு. நம் பங்கைப் பற்றி நாம்தான் பேச வேண்டும், அவர்கள் பேசக் கூடாது.

2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாள் முடிந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது வேறு கட்சி. ஆனாலும் உரிய நாளில் தேர்தல் நடக்கவில்லை. சேலம் மாவட்டத்து ஊராட்சிகளும், ஏற்காட்டு மலைக் கிராமங்களின் ஊராட்சிகளும் மறுபடியும் தனி அலுவலர்களிடம் போயின. நீங்கள் எந்தக் கட்சிக்கு வாக்களித்தவராக இருந்தாலும், உங்கள் தெருவுக்கு வரும் வேட்பாளரிடம், அவருடைய கட்சி ஆட்சியில் இருந்தபோது உள்ளாட்சித் தேர்தலை ஏன் தள்ளிப்போட்டது என்று கேளுங்கள். இரண்டு பெரிய கட்சிகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது.