கோடீஸ்வர ஐயரின் மேளகர்த்தாக் கீர்த்தனைகளைக் கேட்பது எப்படி? கேள்வி பதில்

கே: 72 மேளத்திலும் (மேளகர்த்தா, அதாவது ஏழு ஸ்வரமும் வரும் தாய் ராகங்கள்) மகா வைத்தியநாத ஐயரே பாடியிருக்கிறாரே, கோடீஸ்வர ஐயரிடம் புதிதாக என்ன?

அது ராகங்களை மாலையாகக் கோத்த ஒரே பாட்டு, ராகமாலிகை. ஒரு மேளத்துக்குச் சில வரிகள்தான். கோடீஸ்வர ஐயர் ஒவ்வொரு மேளத்துக்கும் முழுக் கீர்த்தனை செய்தார். எல்லாம் தமிழில், முருகன்மேல். ராகத்தின் பெயரும் சாகித்யத்துக்குள் (பாட்டு வரிகளுக்குள்) வந்துவிடும். பாட்டில் அவர் வைக்கும் முத்திரைப் பெயர் 'கவிகுஞ்சரதாசன்', பாட்டனார் கவிகுஞ்சர பாரதியின் பெயரைச் சூடிக்கொண்டது.

கே: பாடகர் எஸ். ராஜம் இவற்றைப் பாடிய பதிவுகள் கிடைத்தன. முதல் மேளம் கனகாங்கியில் தொடங்கினேன், அதைத் தாண்ட முடியவில்லை.

வரிசைப்படி கேட்க வேண்டாம். 60ஆவது மேளம் நீதிமதியில் 'மோகனகர முத்துக்குமரா'வை முதலில் எடுங்கள். ச முதல் ப வரை சிம்மேந்திரமத்யம ராகமேதான், காதுக்குப் பழகிய பாதை. விவாதி, அதாவது பக்கத்து ஸ்வரங்கள் ஒட்டி நின்று உரசும் சேர்க்கை, உத்தராங்கத்தில் (பஞ்சமத்துக்கு மேலுள்ள பாதியில்) மட்டும்: பஞ்சமத்திலிருந்து தைவதத்துக்கு மூன்று அரைஸ்வரம் (ஆர்மோனியத்தில் மூன்று கட்டை) தாவ வேண்டும், காகலி நிஷாதம் (மேல் நி) அதை ஒட்டியே நிற்கும். இந்த 'ப த நி' மனதில் பதியும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

பிறகு 72ஆவது ரசிகப்ரியா, 'அருள் செய்ய வேண்டும்'. அதே தாவல் இங்கே 'ச ரி க'விலும் வரும். கடைசியாகக் கனகாங்கிக்குத் திரும்புங்கள். அங்கே எல்லாம் தலைகீழ்: ச ரி க மூன்றும் அடுத்தடுத்த கட்டைகள், தாவல் காந்தாரத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே. ஆர்மோனியத்தில் ஒரு தரம் வாசித்துப் பார்த்தாலே பிடிபடும். என்னைக் கேட்டால், 72 பாட்டின் அழகும் இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது.

கே: ரசிகப்ரியாவின் ரிஷபம் எனக்கு 'சாதாரண காந்தாரம்' என்ற க-வாகவே கேட்கிறது.

ஸ்தானம் ஒன்றுதான், காது ஏமாறவில்லை. வேறுபடுவது கையாளும் விதம். அரைஸ்வரம் தள்ளி இந்த ராகத்தின் காந்தாரமான அந்தர காந்தாரம் இருப்பதால் இந்த ரிஷபத்தை அகலமாக அசைக்க முடியாது. அசைத்தால் காந்தாரத்தில் போய் இடிக்கும். 'க ரி ச' என்று இறங்கும் பிடிகளை (ஸ்வரக் கோவைகளை) கவனியுங்கள். காந்தாரத்தை ஒட்டி இறங்கி ரிஷபத்தைத் தொட்டவுடன் ஷட்ஜத்துக்கு ஒரே சரிவு. காந்தாரம் என்ற எண்ணம் அங்கே கலைந்துவிடும்.

கே: விவாதி ராகம் பாடினால் தோஷம் என்கிறார்களே?

வெறும் நம்பிக்கை. 72இல் 40 மேளங்கள் விவாதி. அத்தனையையும் ஒதுக்கினால் பாதிக்குமேல் போய்விடும்! உண்மையான சிரமம் சுருதி பிசகாமல் பாடுவதுதான்.

கே: கேசட்டிலிருந்து மாற்றிய பதிவு. குரல் கீச்சென்று இருக்கிறது, சுருதிப் பெட்டியோடும் சேரவில்லை.

டேப் வேகமாக ஓடியிருக்கும். 6 சதவீதம் கூடினால் சுருதி ஓர் அரைஸ்வரம் ஏறும். தம்புராவும் சேர்ந்தே ஏறுவதால் ராகம் கெடாது. சரிசெய்யும்போது மென்பொருளில் வேகத்தையே சுமார் 5.6 சதவீதம் குறையுங்கள். சுருதியை மட்டும் இறக்கினால் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) ஓட்டமாகவே நிற்கும்.

இரைச்சலை நீக்கும் வசதியை அதிகம் தொடாதீர்கள். 'உஸ்' சத்தத்தோடு தம்புராவின் மெல்லிய மேலொலிகளும் போய்விடும். விவாதி ஸ்வரம் சுத்தமாக விழுகிறதா என்று காது ஒப்பிட்டுப் பார்ப்பது அவற்றோடுதான்.