சட்டை வாங்கப் போகிறீர்களா? காலரைப் பிடித்துப் பாருங்கள்

கேள்வி: அடுத்த மாதம் முதல் வேலையில் சேருகிறேன். தினமும் முழுக்கைச் சட்டை, டக் இன் கட்டாயம். கையில் இருக்கும் பணத்துக்கு ரொம்ப மலிவானது என்றால் ஐந்து சட்டை வரும், கொஞ்சம் நல்லதாகப் பார்த்தால் மூன்றுதான். எது சரி?

பதில்: மூன்று. ஆனால் மூன்றையும் ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள்.

வாரத்துக்கு ஒருமுறைதான் துவைப்பேன் என்றால் ஐந்து நாளுக்கு ஐந்து, அவசரத்துக்கு ஒன்று என ஆறு சட்டை வேண்டும். வார நடுவில் ஒருநாள் இரவு துவைத்துப் போட முடிந்தால் மூன்றை வைத்தே சமாளிக்கலாம். நான்காவதை முதல் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் முதலில் வாங்கி, மூன்று முறை துவைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். கடையில் இருக்கும் புதுச் சட்டை மெருகேற்றி, அட்டை வைத்து, ஊசி குத்தி அலங்காரம் செய்யப்பட்டது. அதன் சொந்த முகம் தண்ணீர் பட்டால்தான் தெரியும். காலர் அப்படியே இருக்கிறது, கை சுருங்கி மேலேறவில்லை, சாயம் விடவில்லை என்றால் அதே கடையில் அதே அளவில் மற்ற இரண்டையும் எடுங்கள். நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். மூன்று சட்டை சேர்த்துக் கட்டிய ஒரு பெட்டியை ஆசையாக வாங்கினேன். இரண்டாவது துவைப்பில் மூன்றின் கைகளும் ஒரு விரல்கடை ஏறிவிட்டன. அப்புறம் அந்தச் சட்டைகள் கிழியும்வரை கையை மடித்துவிட்டுக்கொண்டே திரிந்தேன்.

நிறம்? மலிவான துணியில் வெள்ளை வேண்டாம் என்பது என் கட்சி. மெல்லிய வெள்ளைத் துணி உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். வெளிர்நீலத்தில் இரண்டு எடுங்கள், மெல்லிய கோடு போட்டது ஒன்று. வெள்ளையைக் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு நல்ல துணியில் வாங்குங்கள். உள்ளே வெள்ளை பனியன் போடாதீர்கள், அது இன்னும் பளிச்சென்று தெரியும். தோல் நிறத்துக்கு நெருங்கிய பனியன்தான் மறையும்.

கேள்வி: துணி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடையில் நின்று ஐந்து நிமிடத்தில் நல்ல சட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: துணி தெரியாவிட்டால் பரவாயில்லை, தையலைப் பாருங்கள். சட்டையை உள்புறமாகத் திருப்புங்கள். விற்பனையாளர் முறைத்தால் முறைக்கட்டும்.

முதலில் காலர். காலர் ஓரமாக ஓடும் தையலின் மேல் உங்கள் கட்டைவிரலைப் படுக்க வையுங்கள். பெரியவர்களுக்குக் கட்டைவிரல் அகலம் ஏறக்குறைய ஓர் அங்குலம். அந்த அகலத்துக்குள் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். 10, 11 என்று நின்றால் அவசரத் தையல். 16க்கு மேல் வந்தால் தாராளமாக வாங்கலாம். 20ஐத் தொட்டால் மலிவு விலையில் அது அதிர்ஷ்டம். தையல் நெருங்க நெருங்க மிஷின் ஓடும் நேரம் கூடும், நேரம் கூடினால் செலவு கூடும். விலையைக் குறைக்க நினைக்கிற தொழிற்சாலை கை வைக்கும் முதல் இடங்களில் இதுவும் ஒன்று.

அடுத்தது பக்கத் தையல். விளிம்பில் பிசிறு வராமல் நூலைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மட்டும் அடித்து விட்டிருக்கிறதா, இல்லை துணியை உள்ளே மடித்து விளிம்பே தெரியாமல் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை உழைக்கும். கட்டமோ கோடோ போட்ட சட்டை என்றால் பாக்கெட்டைக் கவனியுங்கள். பாக்கெட்டில் இருக்கும் கோடு சட்டையின் கோட்டோடு சேர்ந்து ஓட வேண்டும். அப்படிப் பொருத்தி வெட்டினால் துணி வீணாகும். வீணானாலும் சரி என்று வெட்டியவர் மற்ற இடங்களிலும் ஏமாற்றியிருக்க மாட்டார் என்று நம்பலாம்.

பட்டனை லேசாகத் திருகிப் பாருங்கள். பல சட்டைகளில் பட்டனை ஒற்றை நூல் சங்கிலித் தையலில் வைத்திருப்பார்கள். நுனி ஒன்று விட்டால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். இதற்காகச் சட்டையை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் ஊசி நூல் எடுத்து ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு சுற்று ஓட்டிவிடுங்கள், பத்து நிமிட வேலை. பட்டன் நுழையும் துளையான காஜாவில் பிசிறு நிறைய இருந்தால் மட்டும் யோசியுங்கள், அதை வீட்டில் சரிசெய்வது கஷ்டம்.

சிப்பி பட்டன், முதுகின் மேல்பட்டியை இரண்டு துண்டாக வெட்டி இணைப்பது போன்ற நகாசு வேலைகளை இந்த விலையில் தேடாதீர்கள்.

கேள்வி: ஐந்தாறு துவைப்பிலேயே காலரில் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிவிட்டது. நீங்கள் துவைத்த விதம் தப்பு என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மையில்லை.

காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஓர் அடுக்கு வைப்பார்கள். தையல்காரர்கள் கேன்வாஸ் என்பார்கள். ரெடிமேட் சட்டைகளில் பெரும்பாலும் அதன் ஒரு பக்கத்தில் பசை இருக்கும். சூட்டிலும் அழுத்தத்திலும் அதைத் துணியோடு ஒட்டுகிறார்கள். விலை உயர்ந்த சட்டைகளிலும் இதே முறை உண்டு, முறையில் குற்றமில்லை. ஒட்டும்போது சூடு, அழுத்தம், நேரம் மூன்றில் ஒன்று குறைந்தாலும் பசை சரியாகப் பிடிக்காது. மேல்துணி ஒரு அளவும் உள்துணி இன்னொரு அளவும் சுருங்கினாலும் பிரிந்துவிடும். பிரிந்த இடத்தில் காற்று புகுந்து பொங்கும்.

உள்லேபிளில் சொன்ன சூட்டுக்குள் துவைத்து இஸ்திரி போட்டிருந்தால் தப்பு தயாரித்தவருடையது. லேபிளையும் காலரையும் படம் எடுத்து, ரசீதோடு எழுத்தில் கேளுங்கள். கொதிக்கும் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் மட்டும் உங்கள் வாதம் பலவீனம். பொங்கிய காலரை மறுபடி சூடாக அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொல்வார்கள். ஒட்டும், அடுத்த துவைப்பு வரைக்கும்.

வாங்கும்போதே தெரிந்துகொள்ள ஒரு வழி: காலர் முனையின் மேல்துணியை இரண்டு விரலால் கிள்ளி உள்அடுக்கிலிருந்து பிரிப்பதுபோல இழுங்கள். நன்றாக ஒட்டியது ஒரே துணிபோல இருக்கும். புது காலரிலேயே அங்கங்கே பிரிந்து பிரிந்து வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: நூறு சதவீதம் காட்டனா, பாலியஸ்டர் கலந்ததா, சுருக்கம் விழாத சட்டையா? மூன்றையும் உயர்வாகவே சொல்கிறார்கள்.

பதில்: காலையில் இஸ்திரி போட உங்களுக்கு நேரம் உண்டா? பதில் அதில்தான் இருக்கிறது.

பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதனால்தான் வியர்த்தால் ஒட்டிக்கொண்டு இம்சை செய்கிறது. நேரம் இருப்பவர்கள் காட்டன் வாங்கி, முழுதாகக் காய்வதற்குள் லேசான ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள். நேரமில்லாதவர்கள் பருத்தி 60, பாலியஸ்டர் 40 என்ற கலவை வரை போகலாம். விகிதம் தலைகீழானால் வாடை தங்கும், காலர் உரசும் இடத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் கட்டும்.

சுருக்கம் விழாத காட்டன் ஒரு வேதியியல் வித்தை. இழைக்குள் இருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகளை ரெசின் என்ற ரசாயனம் கொண்டு குறுக்கே பிணைத்துவிடுவார்கள், மடிந்த துணி பழைய நிலைக்கே திரும்பும். அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் வேதியியலாளர் ரூத் பெனெரிட்டோவும் அவர் குழுவினரும் இதில் செய்த வேலை பெரியது. ஆனால் அப்படிப் பிணைத்த இழை பலம் குறைந்தது, மடிப்பு ஓரங்கள் சீக்கிரம் நைந்துபோகும். பலவற்றில் தோலை உறுத்தக்கூடிய ஃபார்மால்டிஹைடு சார்ந்த ரசாயனம்தான் பயன்படுகிறது. அதனால் ஒருமுறை துவைக்காமல் போடாதீர்கள். பயணத்துக்கு ஒன்று இருக்கட்டும், எல்லாமே அதுவாக வேண்டாம்.

லேபிளை நம்ப முடியவில்லையா? உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவாதீர்கள், தைக்கிற நூல் பெரும்பாலும் பாலியஸ்டராகத்தான் இருக்கும். உள்மடிப்பில் துணியிலிருந்தே ஓர் இழை எடுத்து, தண்ணீர்த் தொட்டி மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல வாசம் அடித்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகும்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் 40 எனக்குக் கச்சிதம், இன்னொன்றின் 40 கூடாரம்போல இருக்கிறது. ஏன்?

பதில்: இரண்டு 40ம் ஒரே 40 இல்லை. சிலர் காலர் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எழுதுகிறார்கள், சிலர் மார்பளவை அங்குலத்தில். 40 என்ற எண் இரண்டுக்கும் வரும், அதுதான் குழப்பம். 15 அங்குலக் காலர் என்றால் 38 சென்டிமீட்டர், 16 என்றால் 41க்குச் சற்றுக் குறைவு.

உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையைத் தரையில் விரித்துக் காலர், தோள், மார்பு, கை நீளம் நான்கையும் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணை விட்டுவிட்டு அந்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். காலரைப் பட்டன் நடுவிலிருந்து காஜாவின் தூர முனைவரை அளக்க வேண்டும். தோள் தையல் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். காலருக்குள் இரண்டு விரல் போக வேண்டும், ஏனென்றால் 2 சதவீதம் சுருங்கினாலே 40 சென்டிமீட்டர் காலரில் 8 மில்லிமீட்டர் போய்விடும். தொளதொள பக்கங்களையும் நீளமான கையையும் தையல்காரர் பிடித்துத் தருவார். தோளும் காலரும் சரியில்லை என்றால் தொடாதீர்கள், சட்டை விலையைவிடக் கூலி அதிகமாகும்.

கேள்வி: பெண்களுக்கான ஃபார்மல் சட்டை எது வாங்கினாலும் மார்பில் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. பெரிய அளவு எடுத்தால் இடுப்பில் தொங்குகிறது.

பதில்: பெரிய அளவே எடுங்கள், மார்புக்குப் பொருந்துவதாக. இடுப்பில் டார்ட் என்று தையல்காரர்கள் சொல்லும் பிடிப்புத் தையல் இரண்டு போட்டால் தொங்கல் போய்விடும். மார்பு அகலமான இடத்துக்கு நேராக ஒரு பட்டன் விழுகிறதா என்று போட்டுப் பார்த்து வாங்குங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அப்படியும் திறந்தால் இரண்டு பட்டன்களுக்கு நடுவில் உள்பக்கமாக ஒரு டிச் பட்டன் வைத்துவிடுங்கள். போட்டுப் பார்க்கும்போது நேராக நின்று கண்ணாடியில் ரசித்தால் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள், இடைவெளி அப்போதுதான் எட்டிப் பார்க்கும்.

கேள்வி: விலையை அடித்துப் பாதி விலை என்று போட்டிருந்தால் நல்ல சட்டை மலிவாகக் கிடைக்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: அடித்த விலையில் அதை யாராவது எப்போதாவது வாங்கினார்களா? இப்போது கேட்கும் விலை மட்டும்தான் விலை. தையலை எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வெள்ளைச் சட்டைக் காலர் மஞ்சளாகிவிட்டது. ப்ளீச் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: குளோரின் ப்ளீச் வியர்வைக் கறையோடு சேர்ந்தால் மஞ்சள் கூடும், பாலியஸ்டர் கலந்த துணியில் இன்னும் சீக்கிரம். பிணிக்கும் ரெசின் ஏற்றிய சட்டைகளிலும் அதே கதைதான். ஆக்சிஜன் வகை ப்ளீச்சை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, காலரை மட்டும் சில மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். கறை நன்றாகப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள், சூடு பட்டால் மஞ்சள் அங்கேயே குடியேறிவிடும்.