மூன்றாவது கூடை எத்தனை கிலோ?

கேள்வி: சார், வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்த தகவல் விடைக்குப் போதுமா என்று கேட்கும் கணக்குகளில் சராசரியும் இடைநிலை அளவும் (ஏறுவரிசையில் நடுவில் வரும் எண்) சேர்ந்து வந்தால், முழுக் கணக்கையும் போட்டே நேரம் போய்விடுகிறது. விடையும் பல தடவை தப்பாகிறது. எப்படிப் போடுவது?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ராயபுரத்தில் என் மாலை வகுப்பிலும் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். விடை எவ்வளவு என்று இந்தக் கேள்வி கேட்கவில்லை அம்மா. ஒரே விடைதான் வர முடியுமா என்று கேட்கிறது. அதனால் கேள்வியோடு தகவலாகத் தரும் கூற்றுகளில் ஒன்றைப் படித்ததும் அதற்குப் பொருந்தும் இரண்டு எண் வரிசைகளை எழுதிப் பாருங்கள். இடைநிலை அளவு மாறினால் அந்தக் கூற்று போதாது, அதோடு விட்டுவிடலாம்.

காசிமேட்டில் ஏலத்துக்கு ஐந்து கூடை வஞ்சிரம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடைகள் வெவ்வேறு முழு எண் கிலோ. ஏறுவரிசையில் மூன்றாவதாக வரும் கூடையின் எடை, அதாவது இடைநிலை அளவு, என்ன? கூற்று 1: சராசரி 20 கிலோ. கூற்று 2: அதிக எடையுள்ள கூடை 22 கிலோ.

முதல் கூற்றால் மொத்தம் 100 கிலோ என்று தெரிகிறது. 18, 19, 20, 21, 22 என்று இருக்கலாம்; 10, 15, 19, 25, 31 என்றும் இருக்கலாம். நடு எண் மாறுகிறது, போதாது. இரண்டாவது கூற்றுக்கு 10, 11, 12, 13, 22 கூடப் பொருந்தும். அதுவும் போதாது.

சரி, இரண்டையும் சேர்த்தால்? நான்கு கூடைகளின் எடை தெரியவில்லையே என்று பலரும் "போதாது" எனக் குறித்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். 22-ஐத் தாண்டாமல், ஒரு எண் இரண்டு தடவை வராமல், ஐந்து முழு எண்களை எவ்வளவு பெரிதாக எடுக்க முடியும்? 22, 21, 20, 19, 18. கூட்டினால் சரியாக 100! எந்தக் கூடையிலாவது ஒரு கிலோ குறைந்தால் அதை வேறு எங்கும் ஏற்ற இடமில்லை. ஆகவே ஒரே வரிசை, இடைநிலை அளவு 20. இரண்டு கூற்றும் சேர்ந்தால் போதும்.

இதே கணக்கில் "வெவ்வேறு" என்ற சொல் இல்லாவிட்டால் 12, 22, 22, 22, 22 வந்துவிடும். "முழு எண்" இல்லாவிட்டால் 17, 19, 20.5, 21.5, 22 வரும். இரண்டிலும் மொத்தம் 100தான், நடு எண் மட்டும் வேறு. கேள்வியில் இப்படிப்பட்ட சொற்களுக்கு முதலில் அடிக்கோடு போடுங்கள்.

அப்புறம், சம இடைவெளியில் எண்கள் இருந்தால் சராசரியும் இடைநிலை அளவும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் அவை ஒன்றாக இருப்பதால் எண்கள் சம இடைவெளியில் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1, 2, 5, 7, 10 என்ற வரிசையில் இரண்டும் 5தான்.

"இடைநிலை அளவு சராசரியைவிடப் பெரியதா?" என்று கேட்டு, ஒரு கூற்றிலிருந்து "இல்லை" என்று உறுதியாகத் தெரிந்தால் அந்தக் கூற்று போதுமானதே. இல்லை என்பதும் விடைதான்.

நான்கு எண்கள் என்றால் நடுவில் உள்ள இரண்டின் சராசரிதான் இடைநிலை அளவு. சராசரி 15, சிறியதும் பெரியதும் சேர்ந்து 31 என்று இரண்டு கூற்றுகள் தந்தால், மொத்தம் 60-இல் 31 போக நடு இரண்டுக்கும் 29. இடைநிலை அளவு 14.5. தனித்தனியாக ஓர் எண்கூடத் தெரியாமலே இரண்டும் சேர்ந்து போதும் என்று குறித்துவிடலாம்.