ஒரு இடத்தைப் பார்க்கப் போகும் முன் படிக்க வேண்டுமா, பார்த்துவிட்டு வந்து படிக்க வேண்டுமா?

வாசிப்பு, கலைக் கண்காட்சி, பண்பாட்டுப் பயணம் மூன்றிலும் ஆர்வம் இருக்கிறது, இவற்றை எந்த வரிசையில் வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் இருந்துகொண்டு நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். சிற்பம், ஓவியம் என்றால் முதலில் போய்ப் பாருங்கள். அப்புறம் படியுங்கள். பிறகு மறுபடியும் போங்கள். மறுபடி போவதுதான் இதில் முக்கியம். அதனால் தூரத்து ஊர்களைவிடப் பக்கத்தில் இருக்கும் மலையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டையை ஒட்டி இருக்கும் கீழக்குயில்குடி சமணர் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஐயனார் கோயில். படியேறிப் போனால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமண சமயத்தின் பெரும் குருமார்கள். முதல் தடவை போனபோது என் கண் முழுக்க உருவங்களில்தான் இருந்தது. பார்சுவநாதரின் தலைக்கு மேல் விரிந்த பாம்புப் படம், அசையாமல் தவத்தில் நிற்கும் சமணத் துறவி பாகுபலியின் காலைச் சுற்றி ஏறும் கொடி. சிற்பங்களுக்குக் கீழே இருந்த வட்டெழுத்து, பழைய தமிழ் எழுத்து வடிவம், வெறும் கீறலாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மதுரைப் பக்கத்துச் சமணக் கல்வெட்டுகளைப் பற்றிப் படித்தபோதுதான் ஒரு வரியில் அப்படியே நின்றுவிட்டேன். அங்கே உள்ள ஒரு திருமேனி, அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது. அச்சணந்தியின் பெயர் ஆனைமலை, கருங்காலக்குடி என்று சுற்றுவட்டார மலைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. எல்லாவற்றையும் துறந்து போன மகன். அவர் பெயரைச் சொல்லி, இன்னாருடைய தாய் என்று தன்னையும் ஒரு பாறையில் பதிய வைத்த அம்மா. ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அடுத்த தடவை போனபோது முகங்களை அண்ணாந்து பார்க்கவே தோன்றவில்லை, காலடியில் இருந்த எழுத்தைத்தான் தேடினேன். முன்கூட்டியே படித்திருந்தால் அந்தக் கொடியையும் பாம்பையும் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன். படித்தது சரியா என்று சரிபார்ப்பதிலேயே நேரம் போயிருக்கும்.

கண்காட்சியிலும் இதே முறைதான். சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிக்காமல் ஒரு சுற்று வாருங்கள். அப்புறம் குறிப்பைப் படியுங்கள். கிளம்பும் முன் மனதில் தங்கிய இரண்டு மூன்று படங்களிடம் மட்டும் திரும்பிப் போய் நில்லுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துத் திருவாலங்காடு நடராசரைப் பற்றிப் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் 1913இல் எழுதினார். அவர் அந்தச் சிலையை நேரில்கூடப் பார்த்ததில்லை, புகைப்படங்களை வைத்துத்தான் எழுதினார். சைவ சித்தாந்தம் படித்து வளர்ந்தவரும் அல்ல. வளைவையும் தசையையும் வெளிச்சத்தையும் பார்த்தே அவ்வளவு தூரம் போக முடிந்திருக்கிறது. பார்ப்பதற்கு அவ்வளவு பலம் உண்டு என்று நான் நம்புகிறேன்.

ஆனால் மண்ணிலிருந்து தோண்டி எடுத்தவற்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் நேர் எதிர். கீழடிக்குப் படிக்காமல் போகாதீர்கள். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் அழகாகக் கட்டியிருக்கிறார்கள். எதுவும் தெரியாமல் போகிறவர்கள் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உடைந்த பானை ஓடு தானாக எதையும் சொல்லாது. 2018இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 கிடைத்தன, அவற்றில் கையெழுத்து ஓட்டுக்கு ஓடு மாறுகிறது, ஆகவே பலர் எழுதியிருக்கிறார்கள் என்று ஆய்வறிக்கை சொல்கிறது. இது தெரிந்து போனால் ‘ஆதன்’ என்று ஓர் ஆள் பெயரைக் கீறிய ஓட்டின் முன்னால் சும்மா கடந்து போக மனம் வராது. நம் ஊர்ப் பக்கத்தில் சாதாரண மனிதர்கள் எழுதிப் பழகியதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா?

படிக்க ஒரே ஒரு நூல் சொல்லுங்கள் என்றால், பழைய மதுரையைப் பாடும் சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சி. மாங்குடி மருதனார் பாடியது, 782 அடி. உரையோடு படியுங்கள், அவசரம் வேண்டாம். நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடையும் இரவுக் கடையும், பூவும் வெற்றிலையும் விற்கிறவர்கள், நள்ளிரவில் திருடரைத் தேடி அலையும் காவலர் என்று ஊர் ஒரு நாள் முழுக்க நடமாடுகிறது. இதைப் படித்த பிறகு ஓர் இரவு மாசி வீதிகளில் நடந்து பாருங்கள்.

அந்தப் பாட்டின் தலைவன் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன். அதே பெயர் மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலைக் குகையிலும் தமிழியில் இருக்கிறது. 1882இல் ஆங்கிலேய ஆய்வாளர் ராபர்ட் சீவெல் கண்டுபிடித்த கல்வெட்டுகள் அவை. அந்த நெடுஞ்செழியன் பாட்டில் வருபவனுக்கு முந்தியவன் என்பது அறிஞர்கள் கருத்து. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் போனால் நல்லது. காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவிப் படிக்கப் பார்க்காதீர்கள். காலைச் சாய்வெயில் படும்போது எழுத்து தானாகவே தெளிவாகத் தெரியும்.