ஜப்பானியப் பாட்டி 'பயமாக இருக்கிறது' என்றால் பயம்தானா?

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரி. நர்சிங் முடித்துவிட்டு, முதியோர் பராமரிப்பு வேலைக்காக ஜப்பான் போக ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனநிலையையும் உணர்ச்சியையும் சொல்லும் மரபுத்தொடர்கள் என்று 300 தொடர்களை ஆங்கில அர்த்தத்தோடு அச்சடித்து எங்கள் பயிற்சி மையத்தில் கொடுத்தார்கள். இரண்டு மாதமாக உருப்போட்டும் இருபதுகூட மனதில் நிற்கவில்லை. இதற்குத் தனி வகுப்பு இருக்கிறது, 6,000 ரூபாய், சேராவிட்டால் தேர்வில் தேற முடியாது என்கிறார்கள். சேரலாமா ஐயா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த 300 தொடர் தாளை மடித்து அலமாரியில் வையுங்கள். உங்கள் நிலைக்கு அதில் பெரும்பகுதி தேவையே இல்லை. இரண்டு மாதத்தில் இருபதுகூட நிற்கவில்லை என்றால் உங்கள் ஞாபகசக்தியில் குறை ஒன்றும் இல்லை, கொடுத்த தாளில்தான் குறை.

இனி யாராவது 'இதுதான் என்4 பட்டியல்' என்று நீட்டினால், இதை வெளியிட்டது யார் என்று கேளுங்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984-ல் தொடங்கியது. 2010-ல் நான்கு நிலைகளை ஐந்தாக மாற்றியபோது, எந்த நிலைக்கு எந்தச் சொல் வரும் என்ற பட்டியலை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே இன்று சந்தையில் ஓடும் பட்டியல்கள் அத்தனையும் ஊகம். நல்ல ஆசிரியர்கள் பழைய கேள்விகளைப் பார்த்துச் செய்த ஊகமும் உண்டு, இணையத்திலிருந்து இறக்கி நகலெடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஊகமும் உண்டு. 'அதிகாரபூர்வம்' என்ற சொல் அட்டையில் இருந்தால் இரண்டாவது வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு நிற்காததற்கு முக்கியக் காரணம் அந்த ஆங்கில நெடுவரிசை. உணர்ச்சியைச் சொல்வதில் ஜப்பானிய மொழி ஆங்கிலத்துக்குத் தூரம், தமிழுக்குப் பக்கத்து வீடு. நம் பிள்ளைகள் தமிழில் யோசித்து, ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ஜப்பானியத்துக்குப் போகிறார்கள். உங்கள் ஊர் வண்ணார்பேட்டையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போக மதுரை வழியாக எதற்கு?

'கி' என்ற ஒரு சொல்லில் தொடங்குங்கள். இந்த எழுத்து உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நலம் விசாரிக்கும் 'கென்கி', வானிலைக்கு 'தென்கி', நோய்க்கு 'ப்யோகி', மின்சாரத்துக்கு 'தென்கி'யை ஒட்டி ஒலிக்கும் 'டென்கி', எல்லாவற்றின் கடைசியிலும் இருப்பது இதே எழுத்துதான். காற்று, மூச்சு, மனம் போகும் போக்கு எல்லாம் சேர்ந்த சொல் அது. (தமிழ் எழுத்தில் ஒலி முழுதாக வராது. கீழே தனியாக வரும் 'க' என்ற இடைச்சொல்லைத் 'தங்கம்' என்பதில் உள்ள ககரம்போல மென்மையாகச் சொல்லுங்கள். மற்றதைக் காதால் கேட்டுச் சரிசெய்யுங்கள்.)

'கி நி நரு' என்பதற்கு உங்கள் தாளில் கவலை, ஆவல், ஈடுபாடு என்று மூன்று ஆங்கில அர்த்தங்கள் இருக்கும். எதை எங்கே போடுவது என்று தலை சுற்றும். தமிழில் ஒரே வரி: 'மனசுல ஓடிக்கிட்டே இருக்கு'. நேற்றுப் பார்த்த செருப்பும் மனதில் ஓடலாம், அம்மாவின் இருமலும் ஓடலாம். 'கி நி ஷினாய்தே' என்றால் 'மனசுல வெச்சுக்காதீங்க'. 'கி நி இத்தா' என்றால் 'மனசுக்குப் பிடிச்சுப்போச்சு'. 'கி க மிஜிகாய்', அதாவது கி குட்டையாக இருக்கிறது என்றால் மூக்கு நுனியில் கோபம் உள்ளவர். 'கி ஓ ட்சுகேதே' என்பது 'பார்த்துப் போங்க'. இந்த ஐந்தும் ஒரு வாரத்துக்குப் போதும்.

அடுத்து உடம்பு. ஜப்பானியருக்குக் கோபம் வயிற்றில் இருக்கிறது. 'ஹரா க தட்சு' என்றால் வயிறு எழுந்து நிற்கிறது, அதாவது கோபம் வருகிறது. நமக்கு 'வயிறு எரியுது' என்றால் அது ஆற்றாமை அல்லது பொறாமை. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். 'அதமா நி கிதா', தலைக்கு வந்துவிட்டது, இதுவும் கோபம்தான், ஆனால் கொஞ்சம் முரட்டுப் பேச்சு. மேலதிகாரி முன்னால் சொல்லக் கூடாது. நமக்குத் தலைக்கு ஏறுவது கர்வம் அல்லது போதை. அவர்களுக்குக் கர்வமும் பெருமையும் மூக்கில் இருக்கின்றன: 'ஹனா க தகாய்', மூக்கு உயர்ந்திருக்கிறது. பேரன் பரீட்சையில் தேறிவிட்டான் என்று தாத்தா மூக்கு உயர்த்துவார். கர்வம் பிடித்தவனை அடக்கினால் மூக்கை ஒடித்தார்கள் என்பார்கள். 'மூக்கறுபட்டான்' என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? 'கொகொரோ க ஒரெரு' என்பது அப்படியே 'மனசு ஒடிஞ்சுபோச்சு'. 'கதா நோ நி க ஒரிரு' அப்படியே 'தோளில் இருந்த பாரம் இறங்கியது'. ஆனால் 'கி க ஒமோய்', கி கனக்கிறது, நம் 'மனம் கனத்தது' அல்ல. நமக்கு அது நடந்துபோன துக்கம். அவர்களுக்குப் பெரும்பாலும் இனிமேல் செய்ய வேண்டிய காரியத்தை நினைத்து வரும் தயக்கம். நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் கி கனக்கும்.

தாளில் சொல்லித்தராத முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. 'ஹரா க தட்சு' என்றால் கோபம் தானாக வருகிறது. 'ஹரா ஓ தத்தெரு' என்றால் கோபப்படுவது. முதலாவதை உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், இரண்டாவதை அடுத்தவரைப் பற்றி. 'கி நி நரு', 'கி நி சுரு' இரண்டுக்கும் இடையிலும் இதே வித்தியாசம்தான். 'எனக்குக் கோபம் வருது', 'அவர் கோபப்படறார்'. 'எனக்குக் கவலையா இருக்கு', 'அவங்க கவலைப்படறாங்க'. பார்த்தீர்களா, நீங்கள் தினமும் செய்வதுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைப் போட்டுத் தள்ளிவிடுவதால் நம் மாணவர்கள் குழம்புகிறார்கள்.

அடுத்தவர் மனதுக்குள் இருப்பதை நேராக அடித்துச் சொல்வதும் அங்கே கிடையாது. 'சபிஷீ', தனிமையாக இருக்கிறது, என்பதை உங்களைப் பற்றித்தான் சொல்லலாம். பாட்டியைப் பற்றியென்றால் 'சபிஷிசோ', தனிமையாக உணர்கிறார் போலிருக்கிறது. நம் 'போல' அங்கே விருப்பம் இல்லை, கட்டாயம். பராமரிப்புப் பதிவேட்டில் எழுதும்போதும் அவர் சொன்னதை அவர் சொன்னதாகவும், நீங்கள் பார்த்ததை 'இப்படித் தெரிந்தது' என்றும்தான் எழுத வேண்டும்.

இப்போது விதிவிலக்குக்கு வருகிறேன். வேறு விதிவிலக்குகளை எல்லாம் விட்டுவிடலாம், இதை விட முடியாது. நீங்கள் அலுவலகத்துக்குப் போகவில்லை, எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். உங்கள் தாளில் மரபுத்தொடர் என்று இருப்பது, அவர்கள் வாயில் வரும்போது நிஜமாகவே உடம்பாக இருக்கலாம்.

'அதமா க இதாய்', தலை வலிக்கிறது. தாளில் 'கவலைக்கிடமான பிரச்சினை' என்று போட்டிருப்பார்கள். மருமகளைப் பற்றிப் பேசும்போது சொன்னால் அது சரி. விடியற்காலை மூன்று மணிக்குச் சொன்னால் தலைதான் வலிக்கிறது. 'மிமி க இதாய்', காது வலிக்கிறது, என்பது 'உறைக்கும்படி சொல்லிவிட்டீர்கள்' என்றும் பொருள்படும். காதில் சீழ் வைத்திருந்தாலும் இதே வாக்கியம்தான். நெஞ்சுக்கு 'முனே'. 'முனே க இப்பாய்', நெஞ்சு நிறைந்திருக்கிறது, என்பது நெகிழ்ச்சி. 'முனே க இதமு' பெரும்பாலும் மனவேதனை. ஆனால் 'முனே க இதாய்' (நெஞ்சு வலிக்கிறது), 'முனே க குருஷீ' (நெஞ்சில் வேதனையாக இருக்கிறது) என்று யாராவது சொன்னால் மரபுத்தொடரை யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே தாதியைக் கூப்பிடுங்கள். கவிதையாகவும் சொல்லலாம்தான், ஆனால் அதைத் தீர்மானிப்பது உங்கள் வேலை இல்லை. 'கி க தோகு நரு', கி தூரமாகிறது, என்பதைத் தாளில் 'மலைப்பு' என்று படித்திருப்பீர்கள். குளியலறையில் நின்றுகொண்டு ஒருவர் சொன்னால் மயக்கம் வருகிறது. பிடித்து உட்காரவையுங்கள்.

இரட்டைச் சொற்களும் அப்படித்தான். 'தொகிதொகி' நம் படபடப்பு: பேரனைப் பார்க்கப்போகும் படபடப்பாகவும் இருக்கலாம், இதயப் படபடப்பாகவும் இருக்கலாம். 'முகமுகா' எரிச்சலாகவும் இருக்கலாம், குமட்டலாகவும் இருக்கலாம். 'கிபுன் க வருய்' என்றால் மனம் புண்பட்டிருக்கிறது, அல்லது உடம்பு சரியில்லை. முதியவர் சொன்னால் இரண்டாவதை முதலில் பாருங்கள். (இரட்டைக்கிளவி படித்த நமக்கு இந்தச் சொற்கள் வேப்பங்காய் அல்ல. 'படபடவென' என்று நாம் 'என' போடும் இடத்தில் அவர்கள் பல நேரம் 'தோ' போடுவார்கள், அவ்வளவுதான்.)

வட்டார வழக்கையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 'கொவாய்' என்றால் பயமாக இருக்கிறது என்றுதான் எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். வட ஜப்பானில், ஹொக்கைடோவிலும் தொஹோகுவிலும், வயதானவர்கள் 'கொவாய்' என்றால் உடம்பு அசதியாக இருக்கிறது, முடியவில்லை என்றும் அர்த்தம். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு 'பயப்படாதீங்க பாட்டி' என்பீர்கள், அவர் படுக்கத் துடித்துக்கொண்டிருப்பார். 'எராய்' என்றால் புத்தகத்தில் 'பெரிய ஆள், பாராட்டத்தக்கவர்'. நகோயா பக்கம் தாத்தா தன்னைப் பற்றி 'எராய்' என்றால் தற்பெருமை இல்லை, களைத்துப்போயிருக்கிறார். ஒசாகா பக்கம் இதற்கே 'ஷின்தோய்'. உங்களை எந்த மாகாணத்துக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்த அன்றே இந்தச் சொற்களை அந்த ஊர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஒரு வாக்கியம் போதும்: 'தொகோ க இதாய் தேஸ் கா', எங்கே வலிக்கிறது? அவர் இடத்தைக் காட்டினால் உடம்பு, சிரித்தால் மரபுத்தொடர். 300 தொடரை உருப்போட்டவரைவிட இதைத் தயங்காமல் கேட்பவரைத்தான் பாட்டிகளுக்குப் பிடிக்கும்.

இதைத் தேர்வில் கேட்பார்களா என்றால், மாட்டார்கள். என்4 தேர்வில் 180-க்கு 90 எடுத்து, பகுதிவாரிக் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் இருந்தால் தேர்ச்சி. அதற்கு மாற்றாக உள்ள ஜேஎஃப்டி பேசிக் தேர்வில் 250-க்கு 200. இரண்டிலும் வாய் திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பேசியே பிழைக்க வேண்டிய வேலைக்கு, பேசாமலே தேறக்கூடிய தேர்வு! கணினித் திரையில் நான்கு விடையில் ஒன்றைத் தட்டிவிட்டு வந்த பெண், முதல் வாரமே மூதாட்டியின் முனகலைக் கேட்டு விழிக்கிறாள். இதைப் பல வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே 'ஹரா க தட்சு'.

இந்த ஓட்டையில்தான் இடைத்தரகர்கள் கடை போடுகிறார்கள். நேர்காணலுக்கென்று அலங்காரத் தொடர்களை உருப்போட வைப்பார்கள். என்னிடம் மாதிரி நேர்காணலுக்கு வந்த ஒரு பெண், 'நான் கி க கிக்கு, சொல்லாமலே பிறர் தேவை அறிந்து செய்பவள்' என்றார். அது அடுத்தவர் நம்மைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பாராட்டு. இன்னொருவர், 'நெகோ நோ தே மோ கரிதாய், பூனையின் கையைக்கூடக் கடன் வாங்கலாம் போல வேலை இருக்கும்போது கூப்பிடுங்கள்' என்று பெருமையாகச் சொன்னார். ஒன்றுக்கும் உதவாத கை என்றாலும் பரவாயில்லை என்பதுதான் அந்தத் தொடரின் பொருள். இரண்டையும் எழுதிக்கொடுத்தது ஒரே தரகர், பணம் வாங்கிக்கொண்டு.

ஆகவே உங்கள் 6,000 ரூபாயைக் கட்டாதீர்கள். ஜப்பான் ஃபவுண்டேஷன் 'இரோதோரி' என்ற பாடநூலை ஒலிக்கோப்புகளோடு இணையத்தில் இலவசமாகவே தருகிறது. உங்கள் நிலைக்கு அது போதும். தினமும் கால் மணி நேரம் ஒலியை மட்டும் கேளுங்கள். மரபுத்தொடர்கள் உங்கள் வாயில் வர வேண்டியதில்லை, காதில் விழுந்தால் புரிந்தால் சரி. நீங்கள் பேசும்போது 'உரெஷீ' (மகிழ்ச்சி), 'கனஷீ' (வருத்தம்), 'சபிஷீ' (தனிமை), 'ஷின்பாய்' (கவலை) என்ற நேரடிச் சொற்களே போதும்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் மையம் வேலையும் வாங்கித் தருகிறது என்றால், ஆள் அனுப்ப அவர்களுக்கு 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' என்ற ஜப்பானிய வேலை விசாவில், 'பாதியில் விட்டால் அபராதம்' என்று எழுதி வாங்குவதும் காப்புத்தொகை பிடித்துவைப்பதும் ஜப்பானிய விதிகளின்படியே கூடாது. மூலச் சான்றிதழ்களை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், எதற்கான பணம் என்று எழுதிய ரசீதை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.