ஒன்யாத்தே எழுதினால் வரலாறு, என் நண்பன் எழுதினால் குற்றமா?

கேள்வி: அமெரிக்காவில், நியூ மெக்சிகோவின் எல் மோரோ பாறையில் வழிப்போக்கர்கள் செதுக்கிய பெயர்களைப் பொக்கிஷமாகக் காக்கிறார்கள். இங்கே என் நண்பன் ஒரு மலையில் பெயரைச் செதுக்கினால் மட்டும் திட்டுகிறீர்கள். 400 வருடம் கழித்து அதுவும் வரலாறுதானே?

பதில்: பாதிக் கதையைத்தான் படித்திருக்கிறீர்கள். வறண்ட பூமியில் அந்த மணற்பாறைக்கு அடியில் மழையும் உருகிய பனியும் வடிந்து தேங்குகிற ஒரு குட்டை, அதனால் அந்தப் பக்கம் போனவர்களெல்லாம் அங்கே தங்கினார்கள், தங்கியவர்கள் செதுக்கினார்கள்: முதலில் அந்தப் பகுதியின் பழங்குடிகளான சூனி மக்களின் மூதாதையர், அப்புறம் ஸ்பானியர், அப்புறம் அமெரிக்கச் சிப்பாய்கள், மேற்கே குடியேறப் போனவர்கள். தென்கடலை (பசிபிக் பக்கத்துக் கடலை அப்போது அப்படித்தான் சொன்னார்கள்) கண்டு திரும்பும்போது இவ்வழியே சென்றதாக 1605 ஏப்ரல் 16 என்று தேதி போட்டு எழுதினார் நியூ மெக்சிகோவின் ஸ்பானிய ஆளுநர் ஹுவான் தே ஒன்யாத்தே. அவர் ஒன்றும் உத்தமர் இல்லை. 1599-இல் ஆகொமா என்ற பழங்குடி ஊரில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது அவர் அனுப்பிய படை, பின்னாளில் அதற்குத் தண்டனையும் பெற்றார். அந்த வரியைக் காப்பது அவருக்கு மரியாதை செய்ய அல்ல, யார், எப்போது, எங்கிருந்து வந்தார் என்பதற்கு அது நேரடிச் சாட்சி என்பதால்.

மீதிக் கதை இது. 1906-இல் அந்தப் பாறை பாதுகாக்கப்பட்ட தேசிய நினைவுச்சின்னமானது, செதுக்கத் தடை வந்தது. அதற்குப் பிறகும் எழுதியவர்களின் பெயர்களை 1920-களில் தேய்த்தே அழித்தார்கள் (அதுவும் பாறைக்குக் காயம்தான், அது வேறு விஷயம்). உங்கள் நண்பர் அங்கே போய் எழுதினாலும் இதே கதிதான்.

சரி, நம் பக்கம் மதுரை மாங்குளத்துக்கு வாருங்கள். பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி ஒரு சமணத் துறவிக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்ததை 2000 ஆண்டுகளுக்கும் முன்பு தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். யார், யாருக்கு, என்ன கொடுத்தார், எல்லாம் அதில் உண்டு. இரண்டு இனிஷியலுக்கு நடுவில் இதயம் வரைகிறவர்கள் ஊர்ப் பெயரைக்கூடப் போடுவதில்லை! இதில் கொடுமை என்னவென்றால், கையெட்டும் வழவழப்பான இடமாகப் பார்த்துத்தான் கீறுவார்கள், பழைய எழுத்தும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தமிழியில் உயிர்க்குறி (உயிரொலியைக் காட்டும் அடையாளம்) என்பது சின்னக் கோடுதான், அதன்மேல் ஒரு கீறல் விழுந்தால் படிப்பவர் வேறு எழுத்தாகப் படித்துவிடுவார்.

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தில் கீறினால், தொல்சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நண்பரிடம் 400 வருடக் கணக்கோடு இந்தக் கணக்கையும் சொல்லி வையுங்கள்.